காற்று மட்டும் வந்த குழாய்

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்கம்மா" என்று அந்தச் சின்ன வயசு பல் டாக்டர் சொன்னபோதுதான் அம்சவேணிக்குச் சமையலறைக் குழாயின் ஞாபகம் வந்தது. திறந்தோம், சரி. மூடினோமா? வாய் திறந்தபடி இருந்தது, மேலே இருந்த விளக்கு கண்ணைக் குத்தியது, கழுத்தில் கட்டிய பச்சைத் துணி குறுகுறுத்தது, உதவிக்கு நின்ற பெண் கன்னத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள், எல்லாம் நடந்தது, அம்சவேணி மட்டும் அங்கே இல்லை. அவள் கீழ்க்கட்டளையில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் காபித் தம்ளரும் கையுமாக, தண்ணீர் விட்டுவிட்டார்களா என்று பார்க்கத்தான் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஆட்டோக்காரர் போன் பண்ணினார், "வந்துட்டேன்மா, சீக்கிரம் இறங்குங்க, பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்" என்று. தம்ளரை வைத்தாள். எங்கே? மேடை மேல். அப்புறம் கேஸை மூடினாள், அது நிச்சயம். சிலிண்டர் தலையில் இருந்த ரெகுலேட்டரையும் திருப்பினாள், அதுவும் நிச்சயம். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இரண்டு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பூட்டை இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறாள், அதற்காகப் புருஷன் கஜேந்திரன் கேலி பண்ணாத நாளில்லை. பூட்டுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கேஸுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தண்ணீர் வராத குழாயை மூட மனுஷிக்கு என்ன பழக்கம் இருக்கிறது, சொல்லுங்கள். தண்ணீர் வருகிற குழாய் என்றால் அதுவே சத்தம் போட்டுக் கூப்பிடும். வராத குழாய் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும், பார்த்தால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

ஊசி இறங்கியது. "சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்றாள் டாக்டர், சுருக்கென்றுதான் இருந்தது. அது போகட்டும். இந்த வருஷம் பங்குனியிலேயே போர் வறண்டுவிட்டது. மோட்டாரைப் போட்டால் கொஞ்சம் சேறு, நிறையக் காற்று. அதிலிருந்து குடியிருப்பின் எட்டு வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான். லாரிக்காரன் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்பான், வரமாட்டான், எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிட்டுக் குளிக்காமல் வேலைக்குப் போன பிறகு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பான். தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றி, வாட்ச்மேன் முனிரத்தினம் வால்வைத் திறந்துவிடுவான், காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. அந்த அரைமணி நேரம் எட்டு வீட்டிலும் பேச்சு கிடையாது, வாளிச் சத்தமும் டிரம் சத்தமும்தான். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் கக்கூஸுக்குப் போகும், அரிசி கழுவிய தண்ணீர் துளசிக்குப் போகும், துணி அலசிய தண்ணீரில் வீடு துடைத்துவிட்டு அதையும் கொட்ட மனசு வராமல் ஓரமாக வைத்திருப்பார்கள். இத்தனையும் பண்ணிவிட்டு ஒரு வீட்டில் ஒருத்தர் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போனால்? மொத்தத் தொட்டியும் அந்த ஒரு ஓட்டையில் போய்விடும். அதனால்தான் அசோசியேஷன் செயலாளர் என்கிற முறையில் அம்சவேணி அந்த விதியைக் கொண்டுவந்தாள். எந்த வீட்டுக் குழாய் திறந்து கிடந்து தொட்டி காலியாகிறதோ, மொட்டை மாடியில் அந்த வீட்டுக்கான தனி வால்வு இரண்டு நாளைக்கு மூடப்படும். தலைவர் தணிகாசலம் சார் மேஜையைத் தட்டி ஆமோதித்தார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். முதல் மாடி தேன்மொழிகூடத்தான் தூக்கினாள். அம்சவேணியைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான். அப்படி நினைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தேன்மொழி வாடகைக்கு வந்தவள், விழுப்புரம் பக்கம். புருஷன் எங்கேயோ ஷிப்டு வேலை, வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். அவரைத் துடைத்துவிட வேண்டும், விரிப்பை மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். விதி போட்ட மறு வாரமே அவள் வீட்டுக் குழாய்தான் திறந்து கிடந்தது. இதே கதைதான், காலையில் வந்துவிட்டதா என்று திருகிப் பார்த்திருக்கிறாள், உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டிருக்கிறார், ஓடியிருக்கிறாள், அவரை ஆள் பிடித்து இறக்கி, வீல் சேரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். வந்து பார்த்தால் வால்வு மூடியிருந்தது. "தெரியாம நடந்துடுச்சுக்கா" என்று அம்சவேணியிடம் வந்து நின்றாள். "தெரிஞ்சு யாரு பண்ணுவா தேன்மொழி? விதின்னு ஒண்ணு போட்டாச்சு. உனக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னா நாளைக்கு யாரு கேப்பா?" என்றாள் அம்சவேணி. அதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வாள். தேன்மொழி தெருமுனையில் கார்ப்பரேஷன் வைத்திருந்த கறுப்புத் தொட்டியில் வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமந்தாள். அதெல்லாம் சரிதான். அந்தப் படியில் சொன்னதைத்தான் சொல்லியிருக்க வேண்டாம். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? பல்லைப் பார்க்க வந்த இடத்தில் பல்லை நினைப்போம். பல்லில் எதுவோ மெஷின் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

மெஷினோடு தண்ணீரும் வந்தது. சின்ன ஊசி முனையளவு துளையிலிருந்து பீய்ச்சியடித்து, பல்லில் பட்டு, நாக்கடியில் குளமாகத் தேங்கியது. விழுங்கலாமா கூடாதா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே உதவிப் பெண் வளைந்த குழாய் ஒன்றை உதட்டோரம் மாட்டிவிட்டாள், அது சளசளவென்று உறிஞ்ச ஆரம்பித்தது. ஒரு பக்கம் தண்ணீர் வருகிறது, இன்னொரு பக்கம் அப்படியே போகிறது. எங்கே போகிறது? பக்கத்திலிருந்த பீங்கான் கிண்ணத்தில் வேறு தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, துப்ப ஆளே இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. அட பாவிகளா, அதை நிறுத்தித் தொலைக்கக் கூடாதா? அம்சவேணிக்குக் கை பரபரத்தது. இதே போலத்தான் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்குமோ? இல்லை, லாரி இன்னும் வந்திருக்காது. அவன் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தான்? இன்றைக்கும் காலையில் வரவில்லை, அதனால்தானே குழாயில் காற்று வந்தது. லாரி வந்து, தொட்டி ஏறி, முனிரத்தினம் டீ குடித்துவிட்டு வந்து வால்வைத் திறப்பதற்குள் வீட்டுக்கே போய்விடலாம். போகலாமா? டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாள், கொஞ்ச நேரம் ஆகும், ரூட் கனால் என்றால் சும்மாவா என்று. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள். தூக்கினால் நிறுத்துவாள். நிறுத்தினால் மடியில் இருக்கிற பையிலிருந்து போனை எடுக்கலாம். எடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, இரண்டாவது மாடி, என் வீட்டு வால்வை மூடிடுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள். மெஷின் நின்றது. "வலிக்குதாம்மா? அப்பவே நெனச்சேன், உங்களுக்கு மரப்பு பத்தலை" என்று சொல்லிக்கொண்டே, அவள் ம்ம்ம் என்று தலையாட்டுவதற்குள், டாக்டர் இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டாள்.

இப்போது நாக்கு பாதி யாருடையதோ ஆகிவிட்டது. கீழுதடு தடித்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. அம்சவேணிக்கு வாய்தான் சொத்து. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது அவள் குரலுக்காகவே திரும்பத் திரும்ப டிரங்க் கால் போட்டவர்கள் உண்டு என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். காதில் மாட்டிய கருவியோடு அவள் பேசினால் ஒரு எழுத்து சிந்தாது, கோடம்பாக்கம் கோடம்பாக்கமாகவும் கோட்டூர்புரம் கோட்டூர்புரமாகவும் போய்ச் சேரும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அசோசியேஷன் கூட்டத்தில் அவள் எழுந்தால் மைக் வேண்டாம். அந்த நாக்கு இப்போது ஊறப்போட்ட ரொட்டி மாதிரி வாய்க்குள் கிடந்தது. உறிஞ்சுகிற குழாய் அதன் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டு விட்டது, தெரியவேயில்லை. சரி, நிதானமாக யோசிப்போம். குழாயில் காற்று வந்தது. இடது கையில் தம்ளர். வலது கை குழாயின் மேல். போன் அடித்தது. போனை எந்தக் கையில் எடுத்தாள்? வலது கையில். அப்படியென்றால் வலது கை குழாயை விட்டுவிட்டது. விடும்போது திருகிவிட்டதா? கை என்ன செய்தது என்று கையைத்தான் கேட்க வேண்டும். கையோ நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது, வேர்த்திருந்தது. திருகினது போலவும் இருக்கிறது. ஆனால் அந்தத் திருகல் இன்றைய திருகலா, நேற்றையதா? தினமும்தானே திருகுகிறோம், திறக்கிறோம், காற்று வருகிறது, மூடுகிறோம், அரைமணி கழித்து மறுபடி போய்த் திறக்கிறோம். இந்த இரண்டு மாதத்தில் குழாயைத் திறந்து பார்ப்பதே ஒரு வியாதி ஆகிவிட்டது. எல்லா நாளும் ஒரே நாளாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, இன்றைக்கானதை மட்டும் உரித்து எடுக்க முடியவில்லை.

"ஒரு எக்ஸ்ரே பாத்துடலாம்மா, அப்படியே சாஞ்சிருங்க" என்று டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். உதவிப் பெண் காகிதத் தம்ளரை நீட்டி, கொப்பளிக்கச் சொன்னாள். அம்சவேணி கொப்பளித்தாள், தண்ணீர் உதட்டில் நிற்காமல் தாடை வழியாக வழிந்து பச்சைத் துணியில் விழுந்தது, அது வழிகிறது என்பதே துணி நனைந்த பிறகுதான் தெரிந்தது. பையைத் திறந்து போனை எடுத்தாள். குடியிருப்பு குரூப்பில் தணிகாசலம் சார் எழுதியிருந்தார். லாரி வந்தாச்சு, டேங்க் ஏறிக்கொண்டிருக்கிறது, சிறிது நேரத்தில் திறக்கப்படும், அவரவர் வீட்டுக் குழாய்களைச் சரிபார்த்துக்கொள்ளவும். அந்தக் கடைசி வரி அம்சவேணி எழுதுகிற வரி. தினமும் அவள்தான் போடுவாள், இன்றைக்கு அவள் இல்லையென்று அவர் பார்த்து எழுதியிருக்கிறார். முனிரத்தினத்தின் பெயர் திரையில் இருந்தது. தொட்டால் போதும். அவன் எடுப்பான், "சொல்லுங்க மேடம்" என்பான். அவள் என்ன சொல்வாள்? என் வால்வை மூடிவிடு. ஏன் மேடம்? வீட்டில் ஆள் இல்லை, எதற்கும் இருக்கட்டும். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. உடனே தணிகாசலம் சாரிடம் போவான், சார் மேடம் குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க போல, வால்வை மூடச் சொல்றாங்க. அவர் சிரிப்பார். செயலாளரே, என்று ஆரம்பிப்பார். சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டுக்கும் தெரியும், முதல் மாடிக்கும் தெரியும். அதிலும் ஒருவேளை குழாய் மூடியிருந்தால்? மூடிய குழாய்க்காகவா இத்தனை அசிங்கம்? மூடித்தான் இருக்கும். கேஸை மூடியவள், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவள், குழாயை மட்டும் விட்டுவிடுவாளா? அவள் என்ன தேன்மொழியா? போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மூடியது நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அதன் சத்தம் கேட்டது.

மறுபடி விளக்கு, மறுபடி மெஷின், மறுபடி தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் வீடு தெரிந்தது, பூட்டிய வீடு, ஜன்னல் வழியாக வெயில் மேடை மேல் விழுந்திருக்கும், தம்ளர் அங்கே இருக்கும், குழாய். முதலில் காற்று வரும். புஸ்ஸென்று நீளமாக, யாருமில்லாத வீட்டில் பெருமூச்சு விட்டதுபோல. அப்புறம் செம்மண் நிறத்தில் ஒரு வாய் தண்ணீர், அப்புறம் கொட்டும். இல்லை, கொட்டாது, மூடியிருக்கிறது. இருக்கிறதா? உண்மையில் அவளுக்குத் தண்ணீரைப் பற்றி மட்டும் பயமில்லை. திருச்சியில் இருக்கிற அக்கா கனகத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. குழம்பில் இரண்டு தரம் உப்பு போட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் போனபோது அம்சவேணியைப் பார்த்து, வாங்க உக்காருங்க, யாரு வந்திருக்கறதுன்னு சொல்லலாம் என்று மரியாதையாகக் கேட்டாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதனால் குழாய் மூடித்தான் இருந்தாக வேண்டும். திறந்திருந்தால் அது வெறும் குழாய் இல்லை. ஆனால் தேன்மொழி மறந்தபோது அது வெறும் குழாயாகத்தானே இருந்தது, அலட்சியம் என்று நீதானே கூட்டத்தில் சொன்னாய், வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அக்கறை இருக்காது என்று யாரோ சொன்னபோது நீ வாயைத் திறக்கவில்லையே? இப்போது திறந்திருக்கிறது பார் வாய். அன்றைக்கு அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது, நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. குடத்திலிருந்து தளும்பித் தளும்பிப் படியெல்லாம் ஈரம். மேலேயிருந்து இறங்கி வந்த அம்சவேணி என்ன சொன்னாள்? கொஞ்சம் இறக்கி வை, நான் ஒரு கை பிடிக்கிறேன் என்றா சொன்னாள்? "படியெல்லாம் தண்ணி சிந்துது பார் தேன்மொழி. யாராவது வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" தேன்மொழி குடத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டு, துணியோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாகத் துடைத்தாள். நல்லதாகப் போயிற்று, யாரும் வழுக்கி விழவில்லை. உறிஞ்சுகிற குழாய் வாய்க்குள் எதையோ தேடித் தேடிச் சளசளத்துக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சிடுச்சும்மா. மரப்பு விடற வரைக்கும் எதையும் சாப்பிடாதீங்க, உதட்டைக் கடிச்சுக்கப் போறீங்க. ரொம்பப் பேசவும் வேண்டாம்" என்றாள் டாக்டர். அம்சவேணி தலையாட்டினாள். வாசலில் காத்திருந்த ஆட்டோ வேகமாகத்தான் போனது, அவளுக்குத்தான் போதவில்லை. வழியெல்லாம் குடங்கள். மஞ்சள், பச்சை, ஊதா, கடை வாசலில், கோயில் சுவரோரம், பஸ் நிற்கும் இடத்தில், எல்லாம் லாரியை எதிர்பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூடியிருக்கும், மூடியிருக்கும் என்று ஆட்டோவின் குலுக்கலுக்குத் தகுந்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் தணிகாசலம் சார் பனியனோடு நின்றிருந்தார், பக்கத்தில் முனிரத்தினம், இன்னும் இரண்டு மூன்று பேர், எல்லோர் கையிலும் காலி வாளி. "வாங்க மேடம், உங்களுக்குப் போன் பண்ணலாமான்னு பாத்தோம், பல் டாக்டர்ட்ட இருப்பீங்களேன்னு விட்டுட்டோம். மறுபடி அதே கூத்துதான். திறந்து கொஞ்ச நேரத்துல டேங்க் காலி. எங்க மாடிக்கு ஒரு வாளிகூட ரொம்பலை. பின்னாடி போய்ப் பாத்தா சமையலறைக் கழிவுப் பைப்புல கடகடன்னு தண்ணி போகுது. அந்தப் பைப்பு முதல் மாடிக்கும் உங்க வீட்டுக்கும்தான். உங்க வீடு பூட்டியிருக்கு, நீங்க என்ன திறந்து போட்டுட்டுப் போற ஆளா? அப்ப யாரு? அந்தப் பொண்ணைக் கேட்டா, மூடித்தான் சார் வச்சிருந்தேன், வந்து பாருங்கன்னு அழுவுது. மூடிட்டு அப்புறம் சொன்னா யாரு கண்டா? விதிப்படி அவங்க வால்வை மூடச் சொல்லிட்டேன். நீங்க இருந்தாலும் அதைத்தானே செஞ்சிருப்பீங்க?" என்றார். அம்சவேணியின் தலை, கேட்ட கேள்விக்குப் பழக்கப்பட்ட தலை, ஆமாம் என்று ஆடிவிட்டது. அதற்குப் பிறகு அவள் படியேறினாள். முதல் மாடிக் கதவுக்கு உள்ளே மாமனார் இருமிக்கொண்டிருந்தார்.

பூட்டைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்திருந்தது. நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் நேற்று ராத்திரி ஊறப்போட்ட குழம்புச் சட்டி பளிச்சென்று இருந்தது, தட்டுகள் பளிச்சென்று இருந்தன, கரண்டிகள் பளிச்சென்று இருந்தன. இரண்டு மாதமாக அந்தப் பாத்திரங்கள் இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. சட்டி நிறைய, தளும்பத் தளும்ப, தெளிந்த தண்ணீர். அவள் குழாயை மூடினாள். இறுக்கி, இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் மூடினாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள். யாருக்கும் தெரியாது. சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது, கஜேந்திரனுக்கு நெய்வேலியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பாத்திரத்தைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டால் குழாய்க்கு வாயா இருக்கிறது சொல்ல? டாக்டரும் பேச வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். மரப்பு விட்டதும் போய்த் தணிகாசலம் சாரிடம், இந்த ஒரு தடவை அந்தப் பெண்ணை மன்னித்து விட்டுவிடலாம் சார், பாவம் படுக்கையில் ஆள் இருக்கிறது என்று சொல்லலாம். எவ்வளவு நல்ல மனசு மேடத்துக்கு என்பார்கள். மன்னிக்கப்போகிறாளாம்! எதை? அதே நேரம் கீழே படியில் யாரோ மூச்சு வாங்க ஏறுகிற சத்தமும், பிளாஸ்டிக் குடம் கைப்பிடிக் கம்பியில் இடிக்கிற சத்தமும் கேட்டன.

அவள் எழுந்து இறங்கினாள். முதல் மாடிக்கு நாலு படி கீழே தேன்மொழி வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் ஊதாக் குடம், அழுத முகம், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். குடம் தளும்பி அவளுக்குப் பின்னால் படியெல்லாம் ஈரமாகிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து அம்சவேணியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இதோ, இதை வச்சிட்டு வந்து தொடச்சிடறேன்க்கா" என்றாள். சண்டை இல்லை, குத்தல் இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் அம்சவேணி பிழைத்திருப்பாள். வாயைத் திறந்தாள், "எங்க" என்று ஆரம்பித்தாள், நாக்கு எங்கேயோ போய் இடித்தது, எச்சில் வழிந்தது. தேன்மொழி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயோ, கன்னம் இப்படி வீங்கியிருக்கே, பல்லு பிடுங்கினாங்களாக்கா? பேசாதீங்க, எதுன்னாலும் அப்புறம் பேசிக்கலாம், போய்ப் படுங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தோடு அவளைத் தாண்டிப் போனாள். அப்புறம். அந்த அப்புறத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் படுத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்சவேணி ஈரத்தில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிப் போனாள்.

வாசலில் அவர்கள் இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்கூட்டுக் கொழா" என்றாள். "என்ன மேடம்?" என்றார் தணிகாசலம் சார். "எங்கூட்டுக் கொழாதா தொந்து கெடந்து" என்றாள். "வலி ஜாஸ்தியா இருக்கா? டேய் முனிரத்தினம், அந்தச் சேரை எடுத்துப் போடுடா, மேடம் தள்ளாடறாங்க" என்றார் அவர். எத்தனை வருஷம் எத்தனை ஊருக்கு எத்தனை பேருடைய பேச்சை ஒரு எழுத்து சிந்தாமல் சேர்த்துவைத்தவள்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் கையாலேயே மரத்த கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, எதிர்வீட்டுப் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். "நான்! எங்க வீட்டுக் குழாய்! திறந்து போட்டுட்டுப் போனது நான்! அந்தப் பொண்ணு இல்ல!" முந்தானையால் தாடையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தணிகாசலம் சார் குரலைத் தாழ்த்தி, "அட, அதனால என்ன மேடம். உடம்பு சரியில்லாத நேரம், மறதி யாருக்கு வராது? விடுங்க, இதையெல்லாம் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு" என்றார். மறதி யாருக்கு வராது என்று போன மாதம் ஒருத்தரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் முனிரத்தினத்தைப் பார்த்து முதல் மாடியைக் காட்டித் திறக்கச் சொன்னாள். தன் நெஞ்சைத் தொட்டு, மூடச் சொல்லித் திருகிக் காட்டினாள். அவன் புரியாமல் தணிகாசலம் சாரைப் பார்த்தான். இரண்டு விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள், இரண்டு நாள். அவன் மொட்டை மாடிக்குப் போனான். அம்சவேணி வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அசோசியேஷன் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், கறுப்புத் தொட்டி வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் நிறைத்துக்கொண்டு திரும்பி, மூச்சு வாங்கப் படியேறியபோது மரப்பு விட்டு, உதட்டில் வலி ஆரம்பித்திருந்தது. முதல் மாடிக்குப் போகும் படிகளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. துடைத்த துணி கைப்பிடிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் குடத்திலிருந்து தண்ணீர் தளும்பிப் படியில் விழுந்தது.